மாமா தந்த பாஸ் ரீலும் கொட்டியாரக் குடாக் கொடுவாவும்

தம்பி, நீங்கள் எழுதியது நாலே வரி. கனடாவில் இருக்கும் மாமா லீவில் வந்தபோது பாஸ் மீன் பிடிக்கிற பெயிட்காஸ்டிங் ரீல் ஒன்றும் தடியும் கொண்டுவந்து தந்திருக்கிறார், திருகோணமலைப் பக்கம் கிண்ணியாக் கரையில் மூன்று பின்னேரம் எறிந்து பார்த்தீர்கள், எறிகிற ஒவ்வொரு தரமும் நூல் குருவிக்கூடாகிவிடுகிறது, இதை விற்றுவிட்டு விலை கூடிய ஒன்று வாங்கவா என்று கேட்கிறீர்கள். இரண்டு தரம் வாசித்த பிறகு எனக்கு அதற்குள் மூன்று கேள்வி தெரிந்தது. பிழை ரீலிலா கையிலா என்பது ஒன்று. வெளிநாட்டுக் குளத்து மீனுக்குச் செய்த சாமான் எங்கள் கொடுவா மீனுக்கும் உப்புத் தண்ணீருக்கும் தாக்குப்பிடிக்குமா என்பது மற்றது. மூன்றாவதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்கு விளங்கியது: இவ்வளவு காசுச் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு, போத்தலில் சுற்றிய தங்கூசியால் (நைலோன் நூலால்) பக்கத்தில் ஒருவர் மீனாக இழுத்துக்கொண்டிருக்க, நாம் குந்தியிருந்து சிக்கெடுக்கிற வெட்கம். அந்த வெட்கத்தை நானும் அனுபவித்திருக்கிறேன். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். ரீலை விற்க வேண்டாம்.

நான் எந்த அளவுக்கு இதைப் பேசலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா திருகோணமலை நகரத்தில் மணிக்கூடு திருத்தியவர், சின்ன வயதில் அவருடைய மேசைக்குப் பக்கத்தில் இருந்து பார்த்த வேலைதான் பிறகு ரீல் திறக்க உதவியது. ஒன்ராறியோவில் 14 வருடம் இருந்தேன், அங்கே ரைஸ் ஏரியிலும் சிம்கோ ஏரியிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பாஸ் பிடிப்பதுதான் என்னைப் பைத்தியம் பிடிக்காமல் வைத்திருந்தது. ஊருக்குத் திரும்பி ஒன்பது வருடம். இப்போது அக்கம்பக்கத்தில் யாருடைய ரீல் இறுகினாலும் என் வீட்டு விறாந்தைக்குத்தான் வருகிறது. ஆழ்கடல் வேலை நான் செய்ததில்லை, படகில் இழுவைத் தூண்டில் போட்டதும் இல்லை. நான் சொல்வதெல்லாம் கரை, களப்பு, ஆற்றுவாய், குளம், இவ்வளவுக்குள்தான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் நீங்கள் "நம்ம ஊரிலும் பாஸ் இருக்கிறதே, ஹோட்டல் மெனுவில் பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் 'சீ பாஸ்' என்று போடுவது பெரும்பாலும் எங்கள் கொடுவாவைத்தான். மாமா பிடிக்கிற பெருவாய்ப் பாஸ் வேறு குடும்பம், வட அமெரிக்காவின் நன்னீர் மீன், இரண்டும் சொந்தக்காரர் இல்லை. ஆனால் குணம் மட்டும் ஆச்சரியமாக ஒத்துப்போகும். அங்கே அது தாமரை இலைக்குக் கீழேயும் விழுந்து கிடக்கும் மரத்துக்குப் பக்கத்திலும் பதுங்கிக் கிடக்கும், இங்கே கொடுவா கண்டல் வேர், பாலத்துத் தூண், கல் அணை என்று நிழலைப் பார்த்துக் கிடக்கும். இரண்டும் இரையைத் துரத்தித் திரிகிற சாதி இல்லை, வாசலில் வருவதை ஒரே வாயாக உறிஞ்சுகிற சாதி. ஆகவே குறிப்பிட்ட ஓர் இடத்தில் இரையைப் போட்டு, கடித்தவுடன் வேருக்குள் போகவிடாமல் இழுத்து வெளியே எடுக்கிற வேலை இரண்டுக்கும் பொது. பெயிட்காஸ்டிங் ரீல் அந்த வேலைக்கென்றே வளர்ந்தது.

வித்தியாசம் அளவில் இருக்கிறது. உலகத்தில் இதுவரை பதிவான பெரிய பெருவாய்ப் பாஸ் 10 கிலோவைக் கொஞ்சம் தாண்டியது. 1932இல் ஜோர்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது ஒன்று, 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது மற்றது, இரண்டும் சமம் என்று கணக்கு. கொடுவாவில் 10 கிலோ என்பது நல்ல மீன், உலகச் செய்தி இல்லை. நான் ஒன்ராறியோவில் பிடித்தவை முக்கால்வாசி ஒன்றரைக் கிலோவுக்குள். அந்த ஒன்றரைக் கிலோவை மனதில் வைத்துச் செய்த சாமானில் கொக்கியும் வளையமும்தான் முதலில் தோற்கும். ரீல் தோற்பது அரிது. மாமா ரீலோடு பொய்மீன்களும் தந்திருந்தால் அவற்றின் மூன்றுமுனைக் கொக்கிகளையும் இணைப்பு வளையங்களையும் தடித்ததாக மாற்றிவிட்டுத்தான் கொடுவாவுக்கு எறியுங்கள். மெல்லிய கொக்கி நிமிர்ந்து திரும்பி வருவதைப் பார்க்க வயிறு எரியும்.

சரி, குருவிக்கூட்டுக்கு வருவோம். நீங்கள் முன்பு பாவித்த ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல், அதாவது நூல் சுற்றியிருக்கும் உருளை, அசையாது, நூல் அதன் விளிம்பால் சுருள் சுருளாகக் கழன்று போகும். பெயிட்காஸ்டரில் ஸ்பூலே சுற்றவேண்டும். பொய்மீன் தடியை விட்டுப் பறக்கும்போது நூலை இழுக்கிறது, நூல் ஸ்பூலைச் சுற்றவைக்கிறது. ஒரு நொடிக்குள் ஸ்பூல் பயங்கர வேகம் எடுத்துவிடும். ஆனால் பொய்மீன் காற்றில் வேகம் இழந்துகொண்டே போகிறது, ஸ்பூலுக்கு அது தெரியாது, அது தன் பாட்டில் பழைய வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். போகிற நூலை விட அவிழ்கிற நூல் கூடினால், கூடியது உள்ளேயே குவிந்து திரும்பச் சுற்றிக்கொள்ளும். குருவிக்கூடு என்பது இவ்வளவுதான். இதைத் தடுக்க மூன்று பிரேக் உண்டு. கைப்பிடிப் பக்கம், நட்சத்திரச் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகு ஸ்பூலின் அச்சை இரு பக்கமும் அழுத்துகிறது. மறுபக்கத் தட்டில் காந்தமோ மையவிலக்குக் கட்டைகளோ இருக்கும். மூன்றாவது உங்கள் பெருவிரல். முதல் இரண்டும் மூன்றாவது பழகும்வரை தாங்கிப் பிடிக்கிற நடைவண்டி மாதிரி.

இனி நான் கேட்கப்போவது முக்கியம், அடுத்த தரம் எறியும்போது கவனித்துப் பாருங்கள்: சிக்கு எறிதலின் எந்த நேரத்தில் வருகிறது? தடியை வீசின கணத்திலேயே, பொய்மீன் ஐந்து மீற்றர் கூடப் போகாமல், ஸ்பூல் பொங்கினால் நீங்கள் வெட்டி எறிகிறீர்கள். கைத்தூண்டிலில் ஈயக்குண்டு சுழற்றிப் பழகியவர்களுக்கும் கிரிக்கெட் பந்து எறிந்த கைக்கும் இது கட்டாயம் வரும், கடைசியில் மணிக்கட்டை உதறுவது. தடியைப் பின்னால் கொண்டுபோய், அது பொய்மீனின் பாரத்தில் வளைவதைக் கையில் உணர்ந்து, அந்த வளைவே எறியும்படி ஒரே ஓட்டமாக முன்னால் கொண்டுவாருங்கள். பலம் பாதி போதும். நடுவழியில், நன்றாகப் பறந்துகொண்டிருக்கும்போது சிக்கினால் அது பெரும்பாலும் காற்று, அல்லது பாரமில்லாத பருமனான பொய்மீன். பிரேக்கைக் கூட்டவேண்டும், எறியும் பாதையைத் தாழ்த்தவேண்டும். பொய்மீன் தண்ணீரில் விழுந்த பிறகு சிக்கினால் குற்றவாளி பெருவிரல்தான், விழுவதற்குச் சற்று முன் ஸ்பூலை நிறுத்த மறந்துவிட்டீர்கள். எந்தப் பிரேக்கும் இதைச் சரிசெய்யாது. உங்கள் கேள்வியில் "எறிந்த உடனே" என்று ஒரு சொல் இருப்பதால் முதலாவது என்றே நினைக்கிறேன், ஆனால் பார்க்காமல் சத்தியம் பண்ணமாட்டேன்.

பழகுவதற்குக் கரைக்குப் போகவேண்டாம். பள்ளிக்கூட மைதானம் போதும், ஆட்கள் இல்லாத நேரம். பொய்மீனுக்குப் பதிலாக 14 கிராம், அதாவது அரை அவுன்ஸ் ஈயக்குண்டு ஒன்றைக் கட்டுங்கள். பாரம் குறைந்தால் எறிவது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள், பெயிட்காஸ்டரில் தலைகீழ். 7 கிராமுக்குக் கீழே போனால் சாதாரண ரீலின் ஸ்பூலைச் சுற்றவைக்கவே பலம் காணாது, அதற்கென்று பாரம் குறைந்த ஆழமில்லாத ஸ்பூல் போட்ட தனி ரகம் ஜப்பான்காரர் செய்கிறார்கள். உங்கள் கதையில் எனக்கு இதில்தான் சந்தேகம் விழுகிறது, ஏனென்றால் "சின்ன ரப்பர் மீன்" போட்டேன் என்கிறீர்கள். அது 5 கிராம் இருந்தால் நானும் சிக்கவைத்திருப்பேன்.

ஈயத்தைத் தடி நுனியிலிருந்து ஒரு சாண் தொங்கவிட்டு, தடியை நேராக நீட்டி, ஸ்பூலைச் சுற்றவிடுகிற பெருவிரல் பட்டையை அமர்த்தி விடுங்கள். சின்னத் திருகை இறுக்கி இறுக்கி, ஈயம் மெதுவாக இறங்கி, நிலத்தில் பட்டவுடன் ஸ்பூல் அரைச் சுற்றுக்கு மேல் ஓடாமல் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். மறுபக்கத் தட்டில் உள்ள பிரேக் டயலை முக்கால்வாசிக்கு மேல் வையுங்கள், பத்து வரை எண் இருந்தால் எட்டில். இப்போது எறிந்தால் இருபது மீற்றர்தான் போகும், சிரிப்பு வரும், போகட்டும். பத்து எறி சிக்கில்லாமல் போனால் டயலை ஒன்று குறைக்கவும், சிக்கினால் ஒன்று கூட்டவும். ஒரு வாரத்தில் ஐந்துக்கு வந்துவிடுவீர்கள். அதற்குப் பிறகு சின்னத் திருகைத் தளர்த்தத் தொடங்குங்கள், ஸ்பூலைப் பக்கவாட்டில் ஆட்டினால் டக் டக் என்று ஆடாத அளவுக்கு மட்டும் பிடித்திருந்தால் போதும். பொய்மீனை மாற்றும்போதெல்லாம் இதை ஒருக்கால் பார்க்கவேண்டும், பாரம் மாறினால் கணக்கும் மாறும். இன்னொரு தந்திரம்: நாற்பது மீற்றர் நூலை இழுத்து வெளியே விட்டு, ஸ்பூலில் மிச்சம் இருப்பதன் மேல் மின்சார வேலைக்குப் பாவிக்கும் டேப்பை ஒரு சுற்று ஒட்டிவிட்டுத் திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். சிக்கினாலும் டேப்புக்குக் கீழே போகாது. பழகின பிறகு உரித்துவிடலாம்.

காந்தமா கட்டையா நல்லது என்பார்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்திருந்தால் லென்சின் விதி நினைவிருக்கும், காந்தப் பிரேக் அதுதான்: அலுமினிய ஸ்பூல் காந்தப் புலத்துக்குள் சுற்றும்போது அதற்குள் மின்னோட்டம் பிறந்து சுற்றலை எதிர்க்கிறது, எதுவும் எதையும் தொடுவதில்லை, வேகம் கூடக்கூட எதிர்ப்பும் அதே விகிதத்தில் கூடும். மையவிலக்குப் பிரேக்கில் சின்னக் கட்டைகள் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும், அந்த விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் தொடக்கத்து அசுர வேகத்தில் பலமாகப் பிடித்து, பிறகு கெதியாக விட்டுவிடும். ஆகவே பழகுகிறவருக்கும் காற்றுக்கும் காந்தம் கொஞ்சம் இரக்கமானது, பழகின கைக்குக் கட்டை கொஞ்சம் தூரம் போகும் என்பது என் அனுபவம். வெளியே டயல் இல்லாமல் தட்டைக் கழற்றிக் கட்டைகளைத் தள்ளுகிற பழைய ரகம் என்றால், எதிரெதிராக உள்ளவற்றைச் சோடியாகத் திறந்து மூடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பூல் அதிரும். ஷிமானோவின் டிசி ரகம் மூன்றாவது வகை, ஸ்பூல் சுற்றுவதிலேயே மின்சாரம் எடுத்து, உள்ளே ஒரு சின்னக் கணினி பிரேக்கைப் போட்டு எடுக்கிறது. நண்பர் ஒருவருடையதை எறிந்து பார்த்தேன், விசில் மாதிரிச் சத்தம், உண்மையிலேயே சுலபம். ஆனாலும் முடிவில் பெருவிரல் வைக்கத்தான் வேண்டும், அதற்குள் உப்புப் போனால் என் மேசையில் என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. இங்கே பாவிக்க நான் வாங்கமாட்டேன்.

இந்த ரீலின் பூர்வீகத்தை நினைத்தால் எனக்கு அப்பாவின் மேசை ஞாபகம் வரும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கியில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற மணிக்கூட்டுக்காரர்தான், கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஸ்பூல் பல சுற்றுச் சுற்றும் பற்சக்கர ரீலை அமெரிக்காவில் முதலில் செய்தவராகச் சொல்லப்படுகிறார். 1921இல் சுவீடனில் தொடங்கிய அபுவின் பெயரே மணிக்கூட்டுத் தொழிற்சாலை என்பதன் சுருக்கம், மணிக்கூடும் டாக்ஸி மீட்டரும் செய்துகொண்டிருந்து பிறகு ரீலுக்கு வந்தவர்கள். அதனால்தான் இந்தச் சாமானை மணிக்கூடு மாதிரி நடத்தச் சொல்கிறேன்.

நூல் விடயத்தில் ஒரே பிடியாக நிற்பேன், முதல் இரண்டு மாதம் தங்கூசி, 15 இறாத்தல் தாங்குவது, ஏறக்குறைய 0.35 மில்லிமீற்றர். தடித்தது, ஸ்பூலில் ஒழுங்காகப் படுக்கும், சிக்கினால் கண்ணுக்குத் தெரியும், வெட்டி எறிந்தாலும் பெரிய காசில்லை. மாமா பின்னல் நூல் சுற்றித் தந்திருப்பார் என்று நினைக்கிறேன், அது மெல்லியது, இழுப்பு விழுந்தால் கீழ்ச் சுற்றுகளுக்குள் புதைந்துவிடும், அடுத்த எறியில் அங்கே டக் என்று பிடித்து, வீசின வேகத்தில் பொய்மீன் அறுந்து கடலுக்குப் போகும். பின்னல் நூல் கெட்டது என்று சொல்ல வரவில்லை, நானே இப்போது அதைத்தான் பாவிக்கிறேன், 30 இறாத்தலுக்குக் குறையாமல், அடியில் பத்து மீற்றர் தங்கூசி சுற்றி அதன் மேல். நேரடியாகச் சுற்றினால் முழுக் கட்டும் ஸ்பூலில் வழுக்கிச் சுற்றும், டிராக் (மீன் பலமாக இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கிற பிடி) பழுது என்று இரண்டு பேர் என்னிடம் கொண்டுவந்த ரீல்களில் இருந்த வருத்தம் அதுதான். விளிம்பு வரை நிரப்பாதீர்கள், இரண்டு மூன்று மில்லிமீற்றர் குறைவாக நிறுத்துங்கள். கொடுவாவுக்கு நூலின் முனையில் 40 இறாத்தல் தங்கூசி லீடர், அதாவது தடித்த முனைத்துண்டு, முக்கால் மீற்றர் வேண்டும், அதன் செவுள் மூடியின் விளிம்பு சவர அலகு மாதிரி, வெறும் பின்னல் நூலைத் தொட்டாலே போய்விடும், உங்கள் விரலையும் விடாது. லீடரை நீளமாக வைத்து முடிச்சை ரீலுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டாம், எறியும்போது நூல் வழிகாட்டியின் சின்ன ஓட்டையில் அடித்து அடித்து முடிச்சுத் தேய்ந்துபோகும்.

தடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தடியில் கைப்பிடிக்கு மேலே எழுதியிருக்கும் பொய்மீன் பார எல்லையைப் பாருங்கள், 3/8 முதல் 1 அவுன்ஸ் என்று இருந்தால் 10 முதல் 28 கிராம், இங்கத்தைய கரை வேலைக்கு அதுதான் வேண்டும். ஏழடி, நடுத்தரத்துக்கு மேற்பட்ட விறைப்பு. மோட்டார்சைக்கிளில் போகிறவர் இரண்டு துண்டுத் தடி வைத்திருப்பதில் ஒரு குறைச்சலும் இல்லை.

பிறகு ஒரு நாள் இன்னொரு ரீல் வாங்கினால், அல்லது மாமா "வேறு ஏதும் வேணுமா" என்று கேட்டால், கவனிக்கவேண்டியவை பெட்டியில் மினுங்குகிற எழுத்துகள் இல்லை. முதலில் கை. பெயிட்காஸ்டரில் கைப்பிடி வலமா இடமா என்பது செய்யும்போதே முடிவானது, ஸ்பின்னிங் ரீல் மாதிரிக் கழற்றி மாற்றமுடியாது. எனக்கு ஒருக்கால் வந்த பார்சலில் தவறிப்போய் இடக்கைக் கைப்பிடி இருந்தது, திருப்பி அனுப்பச் செலவு ரீல் விலைக்குக் கிட்ட வந்ததால் இடக்கையாலேயே சுற்றப் பழகிவிட்டேன், இப்போது அதுதான் வசதி. அடுத்தது பற்சக்கர விகிதம். 7:1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்று, 34 மில்லிமீற்றர் ஸ்பூல் நிறைந்திருக்கும்போது ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 75 சென்ரிமீற்றர் நூல் வரும். 5 சொச்சம் விகிதம் ஆழமாக முக்குளிக்கிற பொய்மீனை மெதுவாக இழுக்கச் சுகம், ஆனால் கொடுவா கடித்துவிட்டு உங்களை நோக்கியே ஓடிவந்து பாயும்போது தொய்வை எடுக்க வேகம் வேண்டும், ஆகவே ஒன்றே ஒன்று வைத்திருப்பவருக்கு 6.3 முதல் 7 சொச்சம் வரை. மூன்றாவது, உப்புத் தண்ணீருக்கு என்று செய்தவர்களே சொல்லியிருக்கிறார்களா என்பது. எத்தனை பேரிங் என்ற எண்ணிக்கையை நான் பார்ப்பதே இல்லை. ஐந்து நல்லது பதினொரு மட்டமானதை விட மேல், எண்ணிக்கை கூடினால் துருப்பிடிக்க இடமும் கூடும்.

டிராக்கைக் கையால் இழுத்து "ம், சரி" என்று வைப்பதைப் பலரும் செய்கிறார்கள், அந்த "சரி" ஆளுக்கு ஆள் இரண்டு மடங்கு வேறுபடும். வெளிநாட்டுச் சொந்தக்காரர் வந்துபோன வீடுகளில் சூட்கேஸ் நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று கட்டாயம் கிடக்கும், அதன் கொக்கியில் நூலைக் கட்டித் தடி வளைய இழுங்கள். 15 இறாத்தல் என்பது 6.8 கிலோ, அதில் கால் முதல் மூன்றில் ஒன்று வரை, அதாவது 1.7 முதல் 2.3 கிலோவில் நூல் கழன்று வரவேண்டும். மீன் நூலை இழுத்து ஸ்பூலில் சுற்று விட்டம் பாதியானால் அதே டிராக் இரண்டு மடங்கு இறுக்கமாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், தூர ஓடிய மீன் கடைசியில் அறுத்துக்கொண்டு போவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

இனி உப்பு. பாஸ் ரீல்கள் பிறந்தது நன்னீருக்கு, மாமா அந்த ரீலை ஐந்து வருடம் ஒரு துடைப்புத் துடைக்காமல் பாவித்திருப்பார், இங்கே ஐந்து வாரம் போதும் அதைக் கொல்ல. கரையிலிருந்து வந்தவுடன் டிராக்கை இறுக்கிவிட்டு, ஓடுகிற நல்ல தண்ணீரில், குழாயை மெதுவாகத் திறந்து, மேலோட்டமாக நனைத்து உதறித் துடையுங்கள். வாளிக்குள் அமிழ்த்தவோ குழாயை வேகமாகத் திறந்து அடிக்கவோ கூடாது, அது உப்பை உள்ளே அனுப்புகிற வேலை. காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். மாதம் ஒருக்கால் பக்கத் தட்டைத் திறந்து ஸ்பூலை எடுத்து, இரு பக்க பேரிங்கிலும் ஒரு சொட்டு எண்ணெய். அப்பா ஊசி முனையில் தொட்டு வைப்பார், அந்த அளவு. இரண்டு சொட்டு விட்டால் இரண்டு மடங்கு ஓடும் என்று இல்லை, எண்ணெயே பிரேக் ஆகிவிடும். மையவிலக்குக் கட்டைகளும் அவை உரசும் வளையமும் உலர்ந்தே இருக்கட்டும். பற்சக்கரங்களுக்கு கிரீஸ். நூல் வழிகாட்டி ஓடுகிற மரையாணித் தண்டுக்குள் மணல் சேரும், பழைய பல் பிரஷ் ஒன்றால் துலக்கிவிட்டு ஒரு சொட்டு. ரீல் எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் தற்காலிகத்துக்குப் பரவாயில்லை, கெதியாகப் போய்விடும், அடிக்கடி போடவேண்டும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். ஒரு பையன் கொண்டுவந்த ரீல் உள்ளே பிசின் பிடித்து மஞ்சளாகி, திறக்கும்போது பழைய பலகாரப் பெட்டி மாதிரி மணத்தது, மண்ணெண்ணெயில் கழுவ ஒரு பின்னேரம் போனது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் கேள்வியில்லாதவை. சண்டைக்குரியவையும் உண்டு. செராமிக் பேரிங் மாற்றினால் தூரம் கூடும் என்பார்கள், நான் மாற்றிப் பார்த்தேன், சத்தம் கூடியது, தூரம் எனக்குத் தெரிந்து கூடவில்லை, என் கை அதை உணரும் அளவுக்கு இல்லாமலும் இருக்கலாம். நூலின் நிறத்தைக் கண்டு கொடுவா ஒதுங்குகிறதா என்பதில் இரண்டு கட்சி, கலங்கிய தண்ணீரில் பொருட்டில்லை என்பது என் கட்சி. நிலவுக்கும் கடிக்கும் உள்ள தொடர்பைக் கேட்டால் கிண்ணியாவில் ஒவ்வொரு தோணிக்காரரிடமும் ஒவ்வொரு கணக்கு இருக்கிறது, எங்கள் பக்கம் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர் கூட இல்லை என்பதால் நான் நீரோட்டம் திரும்புகிற நேரத்தை மட்டும் பார்க்கிறேன்.

எங்கே எறிவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் காற்று முதுகில் படும் கரையாகத் தெரிந்துகொள்ளுங்கள், பழகுகிறவருக்கு எதிர்க்காற்று சாபம், தவிர்க்கமுடியாவிட்டால் டயலில் இரண்டு கூட்டவும். வாடையில் மகாவலி மண் கரைத்துக்கொண்டு வந்து மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடா பால்தேநீர் நிறமாகிவிடும், அப்போது நான் கடலை விட்டுவிட்டுத் தண்ணீர் தெளிந்த இடம் தேடுவேன். உள்துறைமுகப் பக்கம் கடற்படை எல்லை எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். மாமா தந்த சாமானின் முழுச் சுகம் தெரியவேண்டுமென்றால் ஒரு நாள் கந்தளாய்ப் பக்கம் விராலுக்குப் போய்ப் பாருங்கள், பாஸுக்குச் செய்த ரப்பர்த் தவளை விராலுக்கென்றே செய்த மாதிரி, தாமரை இலைக்கு மேலால் இழுக்கலாம். அதற்கு மட்டும் 50 இறாத்தல் பின்னல் நூல் வேண்டும், இலையோடு சேர்த்து இழுக்கவேண்டி வரும். தண்ணீர் வெடித்தவுடன் இழுக்காமல், பாரம் கையில் படும்வரை ஒரு மூச்சு பொறுங்கள். சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மேலே வந்து மூச்சு விடுவதைக் கண்டால் அதன் மேல் எறியாதீர்கள், தாய் தகப்பன் காவலுக்கு நிற்கிறது, எதைப் போட்டாலும் கடிக்கும், அது மீன்பிடி இல்லை. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கவும் வேண்டாம். குளத்திலும் ஆற்றுவாயிலும் முதலை உண்டு, தவளை அதற்கும் பிடிக்கும்.

கடைசியாக, நாளைக்கும் சிக்கும். சிக்கினால் கத்தியை எடுக்காதீர்கள், நூலின் முனையைப் பிடித்துப் பலமாக இழுக்கவும் வேண்டாம், அது கண்ணியை முடிச்சாக்கும். டிராக்கை இறுக்கி, பெருவிரலால் சிக்கின் மேல் ஸ்பூலை நன்றாக அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். பிறகு பெருவிரல் பட்டையை அமர்த்திவிட்டு நூலை மெல்ல இழுங்கள், வரும். எங்கே தடுக்கிறதோ அங்கே நிறுத்தி, திரும்ப அழுத்தித் திரும்பச் சுற்றி இழுங்கள். மூன்று நாலு தரத்தில் பத்துக்கு எட்டு சிக்கு கழன்றுவிடும். மிச்சம் இரண்டுக்கு அந்தச் சின்ன ரப்பர் மீனின் கொக்கி முனையால் கண்ணியைத் தூக்கிவிடுங்கள், 5 கிராமில் அதற்கு உள்ள ஒரே பயன் அது. அதன் பாரத்தை ஒருக்கால் நிறுத்துப் பார்த்து இங்கே எழுதுங்கள், என் சந்தேகம் சரியா என்று பார்ப்போம்.